காதுல சீழ், தலையில பொடுகு, மண்டையில கட்டி: மூணும் ஒரே நோயா இருந்தா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போற நோயோட பேரு கொஞ்சம் நீளம். லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். சுருக்கமா எல்.சி.எச். நோய் எதிர்ப்பு சக்தியோட வேலை செய்யற ஒரு வகை செல், கட்டுப்பாடு இல்லாம பெருகி அங்கங்க கட்டியா சேர்ந்துக்கிறதுதான் இந்த நோய். 15 வயசுக்குள்ள இருக்குற குழந்தைகள்ல, பத்து லட்சத்துக்கு வருஷத்துக்கு நாலஞ்சு பேருக்குத்தான் வரும். பெரியவங்களுக்கு அதைவிடக் குறைவு.

"இவ்ளோ அபூர்வமான நோயைப் பத்தி நான் எதுக்குங்க அரை மணி நேரம் கேக்கணும்?"னு நீங்க நினைக்கலாம். நியாயமான கேள்வி. ரெண்டு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, இது தன் பேரோட வர்றதே இல்ல. பொடுகு, காது சீழ், பல் ஆட்டம், டி.பி.ன்னு நம்ம வீட்ல தினமும் கேக்கற பேர்கள்ல வரும். ரெண்டாவது, கண்டுபிடிச்சிட்டா பெரும்பாலும் நல்லாக்கிட முடியும். முக்கியமான மருந்து ரொம்ப விலையும் கிடையாது. அப்போ ஒரு குழந்தை நல்லாகுறதுக்கும் காது கேக்காம, காலம் முழுக்க மாத்திரையோட வாழறதுக்கும் நடுவுல நிக்கிறது என்னன்னா, கண்டுபிடிக்க ஆகுற நாள்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். நீங்க சென்னையில, ஓ.எம்.ஆர்ல எங்கேயோ வேலை பாக்கறீங்க. ஊர்ல அக்கா குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா முதல் போன் உங்களுக்குத்தான் வரும். "டாக்டர் எழுதினதை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், என்னன்னு பாரேன்"னு கேப்பாங்க. அந்தப் போனை எடுக்கறவங்களுக்காகத்தான் இந்த எபிசோடு. நான் டாக்டர் இல்ல. மருத்துவ விஷயங்களைப் படிச்சு, புரிஞ்சுக்கிட்டு உங்களுக்குச் சொல்றவங்கற முறையிலதான் பேசறேன்.

அஞ்சு தொந்தரவு, அஞ்சு சீட்டு

உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல, ரெண்டு வயசுப் பெண் குழந்தை ஒண்ணை நினைச்சுக்கோங்க. இது எந்தக் குடும்பத்தோட நிஜக் கதையும் இல்ல. இந்த நோய் வழக்கமா எப்படி வருமோ, அதை வச்சு நான் சொல்ற ஒரு உதாரணம்.

குழந்தைக்கு எட்டு மாசத்துல தலையில மஞ்சளா, செதில் செதிலா படிஞ்சுது. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதானேன்னு ஆயா எண்ணெய் தேய்ச்சாங்க. சாதாரணமா அது சில மாசத்துல உதிர்ந்துடும். இந்தக் குழந்தைக்குப் போகல. அக்குள்லயும் தொடை இடுக்குலயும் சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளிகள் வந்துச்சு. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தாரு.

ஒண்ணேகால் வயசுல காதுல சீழ். காது, மூக்கு, தொண்டை டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தாரு. விட்டா நிக்கும், நிறுத்தினா திரும்ப வரும்.

அதுக்கப்புறம் மண்டையில ஒரு பக்கம் மெத்துன்னு ஒரு வீக்கம். "எங்கேயாவது விழுந்திருப்பா"ன்னு விட்டுட்டாங்க. பிறகு எடை ஏறல, கழுத்துல நெறி கட்டுச்சு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை வந்துச்சு: பிரைமரி காம்ப்ளக்ஸ். அதாவது குழந்தைங்களுக்கு வர்ற டி.பி. ஆறு மாசத்துக்கு மாத்திரை.

கடைசியா, குழந்தை ராத்திரியில நாலஞ்சு தடவை எழுந்து தண்ணி கேக்குது. படுக்கை நனைஞ்சுகிட்டே இருக்கு. "வெயில் காலம், அப்படித்தான்."

இதுல யாரும் பெரிய தப்பு பண்ணல, கவனிச்சீங்களா? பொடுகுன்னு சொன்னவரும் சரி, காதுக்கு மருந்து கொடுத்தவரும் சரி, அவங்கவங்க பாத்ததுக்கு அவங்கவங்க சொன்ன பதில் நியாயமானது. ஆயிரம் குழந்தைங்கள்ல 999 பேருக்கு அது வெறும் பொடுகுதான். நம்ம நாட்ல கழுத்து நெறிக்கு டி.பி.யை நினைக்காம இருக்கவும் முடியாது. ஆனா அஞ்சு தொந்தரவும் அஞ்சு சீட்டுல, அஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கு. ஒரே தாள்ல யாரும் எழுதிப் பாக்கல. எல்.சி.எச். ஒளிஞ்சிக்கிற இடம் அதுதான்.

தலையாரி மாதிரி ஒரு செல்

சரி, யாரு இந்த லாங்கர்ஹான்ஸ்? 1868ல ஜெர்மனியில, பெர்லின்ல மருத்துவம் படிச்சுகிட்டிருந்த மாணவர். பால் லாங்கர்ஹான்ஸ். வயசு இருபது, இருபத்தொண்ணு. தோலுக்குத் தங்க உப்புச் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்தப்போ, மேல் தோலுக்குள்ள கிளை கிளையா கை நீட்டின செல்கள் தெரிஞ்சுது. அதை நரம்பு செல்னு அவர் நினைச்சாரு. அடுத்த வருஷமே கணையத்துக்குள்ள தீவு தீவா இருக்கற செல்களையும் பாத்து எழுதினாரு. இன்சுலின் சுரக்கிற இடம் அதுன்னு பின்னாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. அதுக்கும் அவர் பேர்தான். 1888ல, 41 வயசு ஆகறதுக்குச் சில நாள் முன்னாடி இறந்துட்டாரு. தான் தோல்ல பாத்தது நோய் எதிர்ப்பு மண்டலத்தோட ஒரு பகுதின்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

அந்த செல்லோட வேலையை ஊர்ப் பாஷையில சொல்லணும்னா, அது தலையாரி. கிராமத்தைச் சுத்தி வருவாரு, எல்லையில யாராவது புதுசா நடமாடினா வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய்ச் சொல்லுவாரு. இந்த செல்லும் தோல்ல காவல் நிக்குது. கிருமி வந்தா அதுல ஒரு துண்டைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கற நெறிக்கட்டுக்குப் போய், அங்க இருக்கற டி செல்களுக்குக் காட்டுது. "இவனைத்தான் பாத்தேன், ஆளை அனுப்புங்க." இதுமாதிரி தகவல் கொண்டுபோற செல்களுக்குப் பொதுப் பேரு டென்ட்ரிட்டிக் செல். இவங்களைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் ஸ்டைன்மேனுக்கு 2011ல நோபல் பரிசு கொடுத்தாங்க.

எல்.சி.எச்.ல நடக்கறது என்ன? எலும்பு மஜ்ஜையில இருந்து வர்ற இளம் செல் ஒண்ணுல மரபணுக் கோளாறு விழுது. "பெருகு"ன்னு சொல்ற சுவிட்ச் அணையாம அப்படியே நின்னுடுது. பாக்க லாங்கர்ஹான்ஸ் செல் மாதிரியே இருக்கற செல்கள் எலும்புலயோ தோல்லயோ நுரையீரல்லயோ கூட்டமா உக்காந்துடுது. அதுமட்டுமா, பொய்த் தகவல் கொடுத்து மத்த வெள்ளை அணுக்களையும் அங்க கூப்பிட்டுக்குது. இந்த மொத்தக் கூட்டமும் சேர்ந்து எலும்பை அரிச்சுடுது.

"அப்போ இது கேன்சரா?" வீட்ல முதல்ல வர்ற கேள்வி இதுதான். டாக்டர்களே இதைப் பல வருஷம் வாதாடினாங்க. வெறும் அழற்சியா, இல்ல புற்றா? 2010ல அமெரிக்காவுல ஒரு குழு, தாங்கள் சோதிச்ச கட்டிகள்ல பாதிக்கும் மேல பிராஃப்ங்கற மரபணுவுல ஒரே குறிப்பிட்ட மாற்றம் இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. அதே மாற்றம் சில தோல் புற்றுநோய்கள்லயும் உண்டு. அதுக்கப்புறம் இதைப் புற்றுநோய் வகையிலதான் சேக்கறாங்க. ஆனா வித்தியாசமான புற்று. ஒரே ஒரு எலும்புல மட்டும் வந்தா, சில சமயம் தானாவே ஆறிடும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைக்குப் போனா உயிருக்கே ஆபத்து. ஒரே பேருக்குள்ள ரெண்டு துருவமும் இருக்கு. அதனால "கேன்சர்"ங்கற ஒரு வார்த்தையைக் கேட்டு இடிஞ்சு போக வேண்டாம். "எத்தனை இடத்துல இருக்கு, எந்தெந்த உறுப்புல இருக்கு?"ன்னு கேளுங்க. எல்லாமே அந்தப் பதில்லதான் இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

முதல் தடயம் பெரும்பாலும் ஒரு சாதாரண எக்ஸ்ரே. இந்த நோய் வந்தவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு எலும்புல பாதிப்பு இருக்கும். மண்டை ஓட்டுல, பஸ் கண்டக்டர் டிக்கெட்ல பஞ்ச் அடிச்ச மாதிரி, விளிம்பு சுத்தமா ஒரு ஓட்டை தெரியும். நம்ம உதாரணக் குழந்தைக்கு மண்டையில இருந்த அந்த மெத்துன்ன வீக்கத்துக்கு அடியில அதுதான் இருந்திருக்கும். உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியிலயோ காஞ்சிபுரத்துலயோ ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே சந்தேகம் வந்துடும்.

ஆனா எக்ஸ்ரே முடிவு இல்ல. எலும்பு டி.பி.யும் ஓட்டை போடும், வேற புற்றும் ஓட்டை போடும். முடிவு சொல்றது பயாப்சி. கட்டியில இருந்து சின்னதா ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கறது.

உத்திரமேரூர்னாலே குடவோலைக் கல்வெட்டு ஞாபகத்துக்கு வரும். பராந்தக சோழன் காலம், கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. அதுல "நல்ல ஆளாப் பாத்துத் தேர்ந்தெடுங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதல. வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ இருக்கணும், வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாதுன்னு ஒவ்வொண்ணா தகுதி எழுதியிருக்கு. பயாப்சியும் அப்படித்தான். "பாக்க லாங்கர்ஹான்ஸ் மாதிரி இருக்கு"ன்னா போதாது. செல்லோட மேல சிடி1ஏ, லாங்கரின்னு ரெண்டு அடையாளப் புரதம் இருக்கான்னு சாயம் ஏத்திப் பாப்பாங்க. இருந்தாத்தான் அந்தப் பேரை எழுதுவாங்க. இந்தச் சாயச் சோதனை எல்லா லேப்லயும் இருக்காது. பெரிய மருத்துவக் கல்லூரி, புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இடங்கள்ல இருக்கும்.

ஒரு நல்ல விஷயம் என்னன்னா, இதுக்காகக் குழந்தையை மறுபடியும் கீற வேண்டாம். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில பதிச்சு வச்சிருப்பாங்க. "பிளாக்"னு சொல்வாங்க. அதை நீங்க எழுதிக் கொடுத்து வாங்கலாம். காஞ்சிபுரத்துல எடுத்த பிளாக்கை சென்னையில இன்னொரு லேப்ல பாக்க வைக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாம, ரிப்போர்ட் பேப்பரை மட்டும் எடுத்துக்கிட்டு அலையற குடும்பங்கள் நிறைய.

இப்போ ஊர்ல நிச்சயமா வர்ற எதிர்ப்பு. "கத்தி பட்டா பரவிடும். கட்டியைத் தொடாதீங்க." இதை உங்க பெரியப்பா சொல்லுவாரு, பக்கத்து வீட்டு அத்தை சொல்லுவாங்க. அவங்க பயத்தைக் கேலி பண்ணாதீங்க. முத்தின நிலையில ஆஸ்பத்திரிக்குப் போய், பயாப்சி எடுத்து, கொஞ்ச நாள்ல இறந்துபோன ஒருத்தரை அவங்க பாத்திருப்பாங்க. அதை வச்சுத்தான் பேசறாங்க. ஆனா எல்.சி.எச். விஷயத்துல அது தலைகீழ். ஒரே எலும்புல இருக்கற கட்டியைச் சுரண்டி எடுத்தாலே, பல சமயம் அந்த இடம் ஆற ஆரம்பிச்சுடும். இங்க பயாப்சியே பாதி வைத்தியம். இதை அவங்ககிட்ட பொறுமையாச் சொல்லுங்க.

பேர் உறுதியானதும், வேற எங்க இருக்குன்னு தேடுவாங்க. உடம்பு முழுக்க எலும்பு எக்ஸ்ரே, நெஞ்சு எக்ஸ்ரே, வயித்து ஸ்கேன், ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் சோதனை. வசதி இருக்கற இடத்துல பெட் ஸ்கேன்.

அப்புறம் அந்தத் தண்ணி தாகம். மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. சிறுநீரை அளவோட வெளிய விடச் சொல்ற ஹார்மோன் அங்க இருந்துதான் வருது. நோய் அங்க போயிட்டா அந்த ஹார்மோன் நின்னுடும், குழந்தை தண்ணி குடிச்சு குடிச்சு ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கும். இதுக்கு டயாபடிஸ் இன்சிபிடஸ்னு பேரு. சர்க்கரை நோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பேர்க் குழப்பத்துல உலகம் முழுக்க நோயாளிகளுக்கு ஆபத்து வந்ததால, 2022ல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இதுக்குப் புதுப் பேரே வச்சாங்க. டெஸ்மோபிரசின்ங்கற மருந்து கொடுத்தா தாகம் அடங்கிடும். ஆனா கெட்ட சுரப்பி பெரும்பாலும் திரும்பி வராது. அந்த மருந்து வாழ்நாள் முழுக்க வேணும். நாள் கடத்தினா என்ன விலைன்னு கேட்டா, இதுதான் விலை.

சுடுகாட்டு மல்லியில இருந்து ஒரு ஊசி

வைத்தியத்துக்கு வருவோம். ஒரே இடத்துல சின்னதா இருந்தா, சுரண்டி எடுத்துட்டு கவனிச்சுக்கிட்டே இருக்கலாம். கட்டிக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடுறதும் உண்டு. தோல்ல மட்டும் இருந்தா சில சமயம் களிம்போடயே முடிஞ்சுடும். இந்த வகையில உயிர் பிழைக்கிறது கிட்டத்தட்ட நூறு சதவீதம்.

பல இடத்துல இருந்தா, உலகம் முழுக்க முதல்ல கொடுக்கறது ரெண்டு மருந்து. ஒண்ணு பிரட்னிசோலோன், ஸ்டீராய்டு மாத்திரை. இன்னொண்ணு வின்பிளாஸ்டின், நரம்பு வழியா போடுற ஊசி. முதல் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு ஊசி. நல்லா கேட்டுச்சுன்னா அதுக்கப்புறம் மூணு வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஒரு வருஷம் வரைக்கும்.

இந்த வின்பிளாஸ்டின் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? நித்யகல்யாணி. வெள்ளையிலயும் ஊதா கலந்த ரோஸ்லயும் வருஷம் முழுக்கப் பூக்குமே, அதே செடி. சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. உத்திரமேரூர் பக்கம் கோயில் ஓரத்துல, வரப்புல, யாரும் தண்ணி ஊத்தாமலே நிக்கும். பூர்வீகம் மடகாஸ்கர்.

1952ல கனடாவுல கிளார்க் நோபிள்ங்கற டாக்டருக்கு ஜமைக்காவுல இருந்து ஒரு கவர் வந்துச்சு. உள்ள இந்தச் செடியோட இலை. அங்க இதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமா குடிக்கிறாங்க, சோதிச்சுப் பாருங்கன்னு கோரிக்கை. அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட கொடுத்தாரு. ஆய்வகத்துல சாறு கொடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை இறங்கல. ஊசியா போட்டப்போ எலிகள் தொற்று வந்து செத்துப் போச்சு. ஏன்னு பாத்தா, வெள்ளை அணுக்கள் சரிஞ்சு போயிருந்துச்சு. அப்போதான் பொறி தட்டுச்சு: வெள்ளை அணுவைக் குறைக்குதுன்னா, வெள்ளை அணு தாறுமாறா பெருகுற நோய்க்கு இது மருந்தாகுமே? ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுத்து 1958ல வெளியிட்டாங்க. செல் ரெண்டாப் பிரியும்போது உள்ள கட்டுற சாரத்தை இது கட்ட விடாது. பிரிய முடியாத செல் செத்துடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. யாரும் இதைக் கேட்டுட்டு நித்யகல்யாணி இலையைப் பறிச்சு அரைக்காதீங்க. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் அரை டன் காய்ந்த இலை வேணும். இலைக்குள்ள வேற நிறைய ரசாயனமும் இருக்கு, நச்சும் இருக்கு. மருந்தா மாறினது பிரிச்செடுத்து, அளந்து, நரம்புல போடுறதாலதான். அந்த ஊசி மருந்தே நரம்புக்கு வெளிய கசிஞ்சா சதை வெந்து போயிடும். அதனாலதான் பழகின நர்ஸ் போடணும்.

பலன் எப்படி? 2013ல வெளியான ஒரு சர்வதேச ஆய்வு இருக்கு. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைன்னு ஆபத்தான உறுப்புகளுக்கு நோய் போன குழந்தைகள்லயே அஞ்சு வருஷம் கழிச்சு 84 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. ஆபத்தான உறுப்பு தப்பிச்ச, ஆனா பல இடத்துல நோய் இருந்த குழந்தைகளை ரெண்டா பிரிச்சாங்க. ஆறு மாசத்துல ஊசியை நிறுத்தினவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துச்சு. 12 மாசம் போட்டவங்கள்ல 37 சதவீதம்.

இந்த ரெண்டு எண்ணை மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா ஆறு வாரத்துல குழந்தை பளிச்சுன்னு ஆயிடும். சீழ் நிக்கும், சொறி மறையும், நல்லா சாப்பிடும். "அதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு ஊசி"ன்னு வீட்ல தோணும். வைத்தியம் பாதியில நிக்கறது பெரும்பாலும் கெட்டு இருக்கும்போது இல்ல, நல்லாயிருக்கும்போதுதான்.

முதல் மருந்து கேக்கலன்னா வேற கீமோ மருந்துகள் இருக்கு. அந்த பிராஃப் சுவிட்சையே நேரா அணைக்கிற மாத்திரைகளும் இப்போ வந்திருக்கு. ரொம்ப மோசமான நிலையில இருக்கற குழந்தை கூட சில நாள்லயே தேறிடும். ஆனா மாத்திரையை நிறுத்தினா பல பேருக்குத் திரும்ப வருது, விலையும் அதிகம். அதனால எடுத்தவுடனே எல்லாருக்கும் அதைக் கொடுக்கறதில்ல.

உத்திரமேரூர்ல இருந்து எங்க போறது?

உத்திரமேரூர்ல இருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். காஞ்சிபுரத்தை ஒட்டி காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. 1969ல புற்றுநோயால இறந்த அறிஞர் அண்ணா பேர்ல, அவர் பிறந்த ஊர்ப் பக்கத்துலயே இருக்கற மருத்துவமனை. இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. சென்னைக்கு வந்தா எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. அடையாறுல, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியில 1954ல தொடங்கின புற்றுநோய் நிலையம். இவ்ளோ அபூர்வமான நோய்ங்கறதால, குழந்தைப் புற்றுநோய்க்குன்னே தனிப் பிரிவு இருக்கற இடத்துல ஒரு தடவையாவது காட்டி, வைத்தியத் திட்டத்தை எழுதி வாங்கிடறது நல்லது.

மருந்துச் செலவு பெரிய பாரம் இல்ல. வின்பிளாஸ்டின் ஒரு குப்பி சில நூறு ரூபாய்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று எடுத்துக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில இருக்கற காப்பீட்டு கவுண்ட்டர்லயே கேளுங்க. ஆனா பயணச் செலவு இருக்கே, அதுக்கு யாரும் பில் கொடுக்க மாட்டாங்க. ஒரு வருஷத்துல இருபது தடவைக்கு மேல போகணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பஸ், சாப்பாடு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி போச்சு. வீட்ல இன்னொரு குழந்தை இருந்தா அதை யாரு பாத்துக்கறது?

இங்கதான் உங்களுக்கு வேலை. நகரத்துல இருக்கற ஒருத்தர் செய்யக்கூடிய பெரிய உதவி, முதல் நாள் ராத்திரி தங்க இடம் கொடுக்கறது. அடுத்தது, ஊசி தேதிகளை உங்க போன்ல குறிச்சு வச்சு ரெண்டு நாள் முன்னாடி ஞாபகப்படுத்தறது. ஸ்டீராய்டு சாப்பிடற குழந்தை முகம் உப்பும், ஓயாம பசிக்கும், எரிஞ்சு எரிஞ்சு விழும். இது மருந்தோட வேலை, நிறுத்தினா சரியாகும்னு அக்காகிட்ட சொல்றது. காய்ச்சல் வந்தா மட்டும் மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதையும் சேத்துச் சொல்லுங்க.

உங்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரைக்கும் குழந்தைங்களைப் பத்திப் பேசினோம். இப்போ உங்களைப் பத்தி. பெரியவங்களுக்கு நுரையீரல்ல மட்டும் வர்ற ஒரு வகை எல்.சி.எச். இருக்கு. பெரும்பாலும் 20லருந்து 40 வயசுக்குள்ள. அதுல பத்துல ஒம்போது பேருக்கு மேல சிகரெட் பிடிக்கறவங்க. வறட்டு இருமல், படி ஏறினா மூச்சு வாங்கறது. சிலருக்குத் திடீர்னு நுரையீரல்ல ஓட்டை விழுந்து நெஞ்சு வலியோட ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை. எக்ஸ்ரேல மேல் பகுதியில நிழல் தெரியறதால இதையும் டி.பி.ன்னு நினைக்க இடம் உண்டு. இதுக்கு முதல் வைத்தியம் சிகரெட்டை விடறது. விட்டாலே நிறையப் பேருக்கு நோய் அப்படியே நின்னுடுது, சிலருக்குக் குறையவும் செய்யுது. டீக்கடை வாசல்ல தினமும் ரெண்டுதானேன்னு சொல்றவங்க, இதைக் கேட்டுக்கோங்க.

ஒரு தாள் போதும்

கடைசியா, இந்த எபிசோட்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. நோய்ப் பேரு மறந்துட்டாலும் பரவாயில்ல.

ஊர்ல இருந்து போன் வருது. குழந்தைக்கு ஒரு தொந்தரவு, சரியான மருந்தைச் சரியா கொடுத்தும் ரெண்டு மூணு மாசமா போகல. கூடவே உடம்புல வேற இடத்துலயும் ஏதோ இருக்கு. உடனே கூகுள்ல தேடி அக்காவைப் பயமுறுத்தாதீங்க. ஒரு தாள் எடுங்க. எந்த மாசம் என்ன தொந்தரவு ஆரம்பிச்சுது, யார்கிட்ட காட்டினாங்க, என்ன மருந்து, எத்தனை நாள், கேட்டுச்சா இல்லையா. எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. சொறியோட போட்டோவைத் தேதியோட வைங்க. அந்த ஒரே தாளை ஒரே குழந்தை டாக்டர்கிட்ட கொடுக்கச் சொல்லுங்க.

அப்புறம் மூணு கேள்வி. "இது எல்லாம் சேர்ந்து ஒரே நோயா இருக்குமா சார்?" "டி.பி.ன்னு சொன்னீங்களே, சளியிலயோ திசுவுலயோ சோதனை பண்ணி உறுதியாச்சா, இல்ல சந்தேகத்துல கொடுக்கறதா?" "மருந்து கேக்கலன்னா பயாப்சி எடுத்துப் பாக்கலாமா?" மரியாதையாக் கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாரு. அவரும் அந்தத் தாளை அதுவரைக்கும் பாத்திருக்க மாட்டாரு.

பெரும்பாலான நேரம் பதில் "சாதாரணப் பொடுகுதான், சாதாரணக் காது சீழ்தான்"னு வரும். சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம். என்னைக்கோ ஒரு நாள், ஒரு குழந்தைக்கு மட்டும், டாக்டர் அந்தத் தாளை ரெண்டாவது தடவை படிச்சுட்டு, "மண்டைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லுவாரு. அந்தக் குழந்தைக்கு அது ஒரு வருஷத்தை மிச்சம் பண்ணும்.

ஊர்ல சின்னக் குழந்தை இருக்கற வீட்டுக்கு இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.